பெண் பொருளியலாளர் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வைக்கிறார். கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் உள்ளன. ஆகவே, இவ்வாண்டு பினாங்கில் செய்த வேலையில் எது பலித்தது, எது சறுக்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பலித்தது ஒத்திகைக் கருத்தரங்கு. மாநாட்டுக்கோ வேலை நேர்முகத்துக்கோ போகிறவர் இரண்டு வாரம் முன்பே நம் முன் 45 நிமிடம் பேசுவார். முதல் பத்து நிமிடம் விளக்கம் கேட்கும் கேள்விக்கு மட்டுமே அனுமதி. பின்வரிசையில் ஒருவர் கடிகாரமும் தாளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தாளின் மூன்று கட்டங்களில் ஒன்றில் கோடு போடுவார்: கேள்வி, சொன்னதையே திரும்பக் கேட்பது, கேள்வி வேடத்தில் சொற்பொழிவு. மூன்றாம் கட்டம் நிரம்பினால் கேட்டவரிடமே தாளை நீட்டிவிடுகிறோம். பொருளியல் கருத்தரங்குகளில் பெண்களுக்கே கூடுதல் கேள்விகள் விழுவதை அமெரிக்காவில் இப்படி எண்ணித்தான் கண்டார்கள். பேசுபவர் பக்கத்துத் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். முன்னாய்வுகளைச் சொல்லியே இருபது நிமிடம் கரைந்து, முடிவுகளைக் காட்டும் முதன்மை அட்டவணை வரும்போது மணி அடித்துவிடும். மூன்றாவது சிலைடுக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். தரவு எங்கிருந்து வந்தது, மாதிரியில் யார் விடுபட்டார்கள், திட்டப் பிழையை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவை) எந்த மட்டத்தில் தொகுத்துக் கணக்கிட்டீர்கள் ஆகிய மூன்றுக்கும் கடைசியில் உதிரிச் சிலைடுகள் இருக்கட்டும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். சின்ன விஷயம் என்று நினைத்தோம், இல்லை. நம் பெண்களின் மலேசிய அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே 'ஏ/பி' (மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம்) என்று இருக்கிறது. ஆய்விதழின் கணினி அதை நடுப்பெயராக எடுத்துக்கொண்டு, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறது. அடுத்த கட்டுரை வேறு வடிவில் போகிறது. மேற்கோள்கள் இரண்டு மூன்று 'ஆட்களுக்கு'ப் பிரிந்துவிடும். முதல் கட்டுரையை அனுப்புமுன் ஆர்கிட் எனப்படும் 16 இலக்க எண்ணைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. பெயரின் எல்லா வடிவங்களையும் அதில் சேர்த்து, கட்டுரைகளில் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொருளியலில் கூட்டாசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வருவதால், யார் எவ்வளவு செய்தார் என்பது வரிசையில் தெரியாது. ஆண்களோடு சேர்ந்து எழுதும் பெண்ணுக்குப் பணி நிரந்தரத்தின்போது கிடைக்கும் மதிப்பு குறைகிறது என்று பொருளியலாளர் ஹெதர் சார்சன்ஸின் ஆய்வு காட்டியது. ஆகவே கூட்டுக் கட்டுரையைக் குறைந்தது ஒரு மாநாட்டிலாவது நீங்களே வாசியுங்கள். தன்விவரத்தில் உங்கள் பங்கை ஒரு வரியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும் அந்த வரியை, நான்கு வாரம் முன்பே, சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் 'கடின உழைப்பாளி' என்ற சான்றிதழோடு திரும்பி வருவீர்கள்.

சறுக்கியது, ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) மாணவியரைப் பொருளியலுக்கு ஈர்க்கும் திட்டம். துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கவர்னராக 2000 முதல் 2016 வரை ஸெத்தி அக்தார் அஸிஸும், 2018 முதல் 2023 வரை நோர் ஷம்சியாவும் இருந்ததை மாணவியர் அறிவார்கள். உச்சிப்படி தெரிகிறது, நடுப்படிகள்தான் தெரியவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிமுக வகுப்புகளுக்கு, அங்கே பொருளியல் படித்து வேலையில் இருக்கும் பெண்கள் வந்து சிறிது நேரம் பேசினார்கள். பொருளியலை முதன்மைப் பாடமாகத் தேர்ந்தெடுத்த மாணவியரின் பங்கு 9 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. வரும் ஆண்டில் பிரசுரத்துக்குப் பதில், வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுக்கு மேற்படாத இருவரை அனுப்பலாம் என்பது என் பரிந்துரை.

பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். ஆனால் பணி நிரந்தரத்துக்கான தகுதிகாண் காலக் கெடு தானாக நீளும் என்று எண்ண வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தாய், தந்தை இருவருக்கும் ஒரே மாதிரி கெடு நீட்டியபோது ஆண்களே நிரந்தரமாவது கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. அந்த நேரத்தில் யார் கட்டுரை எழுதினார், யார் பிள்ளையைப் பார்த்தார் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு மனக்குறையும் உண்டு. நன்றியில்லாத வேலைகள் பெண்கள் தலையிலேயே விழுகின்றன என்று பேசும் நம் பிரிவிலேயே, கூட்டக் குறிப்பு எழுதியதும் தேநீருக்குச் சொன்னதும் பெண்களே. இனி அது சுழற்சி முறையில் நடக்கும்; பட்டியல் கதவருகே ஒட்டப்பட்டுள்ளது.

அதன் கீழேயே ஒத்திகைக்கான தாளும் இருக்கிறது. தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், முதன்மை அட்டவணையையும் சேர்த்துக் கொடுங்கள்.