ஏரிகள் பதினாறு இருக்கட்டும், பிள்ளைகளுக்கு ஒன்று போதும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு, இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் போக வேண்டும் என்று எழுதுகிறவர்களில் பலர் கூடவே ஒரு பட்டியலும் அனுப்புகிறீர்கள். விண்டர்மியரில் படகு, அல்ஸ்வாட்டரில் அருவி, கெஸ்விக், வாஸ்ட்வாட்டர், முடிந்தால் ஸ்காஃபெல் பைக் மலையுச்சி. எல்லாம் மூன்று நாளில். நாங்கள் திருப்பி அனுப்பும் திட்டத்தில் அதில் பாதிகூட இருப்பதில்லை. “காசு வாங்கிக்கொண்டு இடத்தைக் குறைக்கிறீர்களே” என்று சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், சிலர் சிரிக்காமலும். காரணத்தை ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதல் காரணம் அந்த நிலத்தின் அமைப்பு. பனியாறுகள் நடுமலையிலிருந்து நாலா பக்கமும் குடைந்துகொண்டு போன பள்ளத்தாக்குகளில்தான் அங்குள்ள ஏரிகள் கிடக்கின்றன, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல. ஒரு ஆரத்திலிருந்து பக்கத்து ஆரத்துக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் விளிம்பு வரை வந்து சுற்றித்தான் போக வேண்டும். வாஸ்டேல் ஹெட்டிலிருந்து பாரோடேலில் இருக்கும் சீத்வெய்ட்டுக்கு ஸ்டை ஹெட் கணவாய் வழியாக நடப்பவர்கள் ஒரு காலைப்பொழுதில் போய்விடுவார்கள். காரில் போனால் மேற்குக் கடற்கரைப் பக்கம் இறங்கி, காக்கர்மவுத், கெஸ்விக் என்று சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை என்றால் அதையும் நம்ப முடியாது. வரைபடத்தில் விரல்கடை தூரம், பின் சீட்டில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு முறை வாந்தி.

ஆகவே எங்கள் வழக்கம் இதுதான்: ஒரே ஊரில் தங்குங்கள், ஐந்து இரவாவது தங்குங்கள், அந்த ஊரின் ஏரியை முழுக்க அனுபவியுங்கள். எந்த ஊர் என்பதைப் பிள்ளைகளின் வயதுதான் முடிவு செய்யும்.

நடக்கப் பழகும் குழந்தையும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியும் சேர்ந்து வருகிறார்கள் என்றால் நாங்கள் முதலில் சொல்வது கெஸ்விக். கடைத்தெருவிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரை நடந்து போகும் தூரம்தான், வழியிலேயே ஹோப் பார்க்கில் மினி கோல்ஃப் இருக்கிறது. கெஸ்விக் லாஞ்ச் படகு ஏரியை முழுதாகச் சுற்றிவர ஏறத்தாழ ஐம்பது நிமிடம். நடுவில் பல துறைகளில் நிற்கும், வேண்டிய இடத்தில் இறங்கிக் கரையோரம் கொஞ்சம் நடந்து அடுத்த துறையில் ஏறிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு அந்த வட்டாரத்தில் எங்களுக்குத் தெரிந்து இல்லை. நடை அலுத்தால் படகு, படகு அலுத்தால் நடை. ஊருக்கு வெளியே மேட்டில் காசில்ரிக் கல்வட்டம். ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை, நுழைவுக் கட்டணம் கிடையாது, வேலி போட்டு மறைக்கவும் இல்லை. பிள்ளைகள் கற்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடலாம்.

கார் இல்லாதவர்களுக்கு விண்டர்மியர். லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம் வரை பெரிய ரயில், மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கே மாறினால் கிளைப் பாதையில் விண்டர்மியர் ஏறத்தாழ இருபது நிமிடம். நிலைய வாசலிலிருந்தே போனெஸ், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் பக்கம் பஸ் உண்டு. ஆனால் ஒன்று, போனெஸ் படகுத்துறை கோடையில் திருவிழாக் கூட்டமாக இருக்கும். அமைதி தேடி வருகிறவர்கள் அங்கே தங்கிவிட்டு எங்களைத் திட்டக் கூடாது. ஏரியின் தெற்கு முனையில் ஃபெல் ஃபுட் புல்வெளி, வடக்கே பிராக்ஹோல் பூங்காவின் விளையாட்டுத் திடல், இரண்டும் பிள்ளைகளுக்கு நல்ல இடங்கள். நியர் சோரியில் பீட்டர் முயலை வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஹில் டாப் வீடு இருக்கிறது. 1905-இல் அவர் வாங்கியது. மிகச் சின்ன வீடு, உள்ளே ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், ஆகவே முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு அங்கே எதையும் தொடவும் முடியாது. அவர்களுக்கு வீட்டைவிட வெளியே மேயும் ஹெர்ட்விக் ஆடுகள்தான் பிடிக்கும். குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகி, முகம் வெளுத்துவிடும். ஒரே மந்தையில் மூன்று நிறமும் நிற்கும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் அல்ஸ்வாட்டர். கிளென்ரிடிங்கிலிருந்து ஸ்டீமரில் ஏரா ஃபோர்ஸ் துறைக்குப் போய், மரங்களுக்குள்ளே ஏறி, இருபது மீட்டர் விழும் அருவியை மேல் பாலத்திலிருந்தும் கீழ்ப் பாலத்திலிருந்தும் பார்க்கலாம். அங்கே ஓடும் ‘லேடி ஆஃப் தி லேக்’ படகு 1877-இல் நீரில் இறங்கியது. ஹௌடவுனில் இறங்கிக் கிளென்ரிடிங் வரை கரையோரமாகத் திரும்பி நடப்பது பிரபலமான பாதை. ஆனால் அது பத்து கிலோமீட்டர், நடுவில் இறங்கும் துறை எதுவும் இல்லை. சின்னவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வர அப்பா தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் அதைத் திட்டத்தில் சேர்ப்போம்.

மேற்கே எஸ்க்டேல் இன்னொரு உலகம். ரேவன்கிளாஸிலிருந்து 38 செண்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தில், திறந்த பெட்டிகளோடு, பொம்மை ரயில் போன்ற நீராவி வண்டி ஒன்று பதினொரு கிலோமீட்டர் மலைக்குள் போகிறது. 1875-இல் இரும்புத் தாது ஏற்ற ஆரம்பித்த பாதை. அதற்காக மட்டும் ஒரு நாள் ஒதுக்கலாம். போகும்போது ஒரு எச்சரிக்கை: ஆம்பிள்சைட் பக்கமிருந்து கிளம்பினால் சாட்நாவ் உங்களை ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்கள் வழியே அனுப்பப் பார்க்கும். ஹார்ட்நாட்டில் சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று ஏற்றம், ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், கொண்டை ஊசி வளைவில் எதிரே வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். நேரம் கூடும், நெஞ்சு படபடக்காது.

சரி, மழைக்கு வருவோம். “மழை இல்லாத வாரமாகப் பார்த்துப் போடுங்கள்” என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கும் இடங்களில் அதுதான் அதிக மழை பெறும் இடம். பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது. ஆனால் இதில் பிழைக்கும் வழியும் இருக்கிறது. மேகம் மேற்கிலிருந்து வந்து மலையில் முட்டிக் கொட்டிவிடுவதால், கிழக்கே இருக்கும் பென்ரித்துக்குக் கிடைப்பது சீத்வெய்ட்டில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். பாரோடேலில் விடாமல் பெய்கிற காலையில் காரைக் கிழக்கே திருப்புங்கள். பென்ரித் அருகே லவ்தர் கோட்டையின் பெரிய மர விளையாட்டுத் திடலில் பல நாட்கள் வெயிலே அடித்துக்கொண்டிருக்கும்.

கிழக்கும் நனைந்தால் கெஸ்விக் பென்சில் அருங்காட்சியகம். பெயரைக் கேட்டுப் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், பிள்ளைகள் வெளியே வர மாட்டார்கள். பாரோடேலில் கிடைத்த காரீயகத்தால்தான் அந்த ஊரில் பென்சில் தொழில் வந்தது. ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளக் கலர் பென்சில் ஒன்று அங்கே இருக்கிறது. அதைவிட, இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினருக்காக ரகசியமாகச் செய்த பென்சிலைக் காட்டச் சொல்லுங்கள். மரத்தின் உள்ளே சுருட்டி வைத்த மெல்லிய வரைபடம், ரப்பருக்கு அடியில் ஒரு குட்டித் திசைகாட்டி. எதிரி நாட்டில் விழுந்தவர் அதை வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறோம். ஜூலையிலும் அந்த ஏரிகள் குளிர்ந்தே இருக்கும். முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி பல இடங்களில் சட்டென்று ஆழத்தில் இறங்கும். திடீரென்று குளிர்நீரில் விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும்தான். அந்த நேரத்தில் கை கால் அடிக்காமல், தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மிதக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்திலேயே பழக்கிவிட்டு வாருங்கள். காற்றடைத்த மெத்தை, ரப்பர் வாத்து எதுவும் வேண்டாம், கரையிலிருந்து வீசும் காற்று அவற்றை நடு ஏரிக்குத் தள்ளிவிடும். படகு வாடகைக்கு எடுத்தால் லைஃப் ஜாக்கெட் பெரியவர்களுக்கும் சேர்த்து. வெயில் காலத்தில் கரையோரம் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போலப் பாசி தெரிந்தால், எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள். நீலப்பச்சைப் பாசி பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் ஆகாது.

மலை ஏற ஆசைப்படும் குடும்பங்களுக்கு ஸ்காஃபெல் பைக்கை நாங்கள் தானாகப் போடுவதில்லை. 978 மீட்டர் என்பது கேட்கச் சின்ன எண். ஏறி இறங்க ஒரு முழு நாள், உச்சியில் வெறும் பாறைக் குவியல், பனிமூட்டம் வந்தால் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது. விண்டர்மியர் நிலையத்துக்கு எதிரிலிருந்து ஆரெஸ்ட் ஹெட் மேட்டுக்கு அரை மணி நேரம் நடந்தால் ஏரி முழுவதும் காலடியில். ஏழெட்டு வயதாகி, நன்றாக நடப்பவர்களுக்கு கேட்பெல்ஸ், 451 மீட்டர். அதிலும் உச்சிக்குக் கீழே கையூன்றி ஏற வேண்டிய பாறை உண்டு, ஈரமான நாளில் வேண்டாம். பட்டர்மியரைச் சுற்றும் ஏழு கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளம், ஓரிடத்தில் பாறையைக் குடைந்த சுரங்கம் வழியே போகும், பிள்ளைகள் கையில் ஒரு டார்ச் கொடுத்துவிடுங்கள். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி இருந்தால் டார்ன் ஹௌஸ் என்ற சின்ன ஏரியின் கரைப் பாதை. தேசியப் பூங்கா ‘மைல்ஸ் வித்தவுட் ஸ்டைல்ஸ்’ என்று ஏணிப்படி இல்லாத பாதைகளைத் தனியாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது, அதிலிருந்து உங்களுக்கு ஏற்றதை நாங்களே எடுத்துத் தருவோம்.

பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். அவசரத்துக்கு 999, முதலில் போலீஸ், பிறகு மௌன்டன் ரெஸ்கியூ என்று கேட்க வேண்டும். கிளம்பும் முன் ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிந்துகொண்டால், பேச முடியாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம். அப்புறம் உண்ணி. பெரணிப் புதரில் விளையாடிய பிள்ளைகளை மாலையில் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமுடி ஓரம் பாருங்கள். கடித்திருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு வரும் வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் படர்ந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜிபி) போய்விடுங்கள்.

உடைகளில் ஜீன்ஸைத் தவிருங்கள், நனைந்தால் கனக்கும், காயாது. மழைக்கோட்டு மட்டும் போதாது, மழை பேன்ட்டும் வேண்டும். காட்டேஜில் சமைக்கிறவர்கள் பருப்பு, மசாலா, ஊறுகாய் எல்லாம் உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கிக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். பால், காய்கறி, ரொட்டிக்குக் கெஸ்விக், விண்டர்மியரில் சூப்பர்மார்க்கெட் உண்டு.

தேதி விஷயம். பள்ளி நாட்களில் வந்தால் வாடகை பாதியாகும் என்று கேட்கிறீர்கள், உண்மைதான். ஆனால் இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் ஐந்து பள்ளி நாள் விட்டால், 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அப்பா அம்மா இருவர், பிள்ளைகள் இருவர், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம்: அங்கே ஜூன் கடைசியிலேயே பள்ளி மூடிவிடும், இங்கிலாந்துப் பள்ளிகள் மூடும் ஜூலை பின்பாதிக்கு முன் நீங்கள் வந்து போய்விடலாம். அந்த நாட்களில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பள்ளி விடுமுறை வாரங்களில் நிறைய காட்டேஜ்கள் ஏழு இரவுக்குக் குறைந்து கொடுப்பதில்லை, வெள்ளி அல்லது சனியில்தான் சாவி மாறும்.

அடுத்த முறை எழுதும்போது பட்டியலுக்குப் பதில் இவற்றை எழுதுங்கள்: பிள்ளைகளின் வயது, யாருக்குக் காரில் வாந்தி வரும், தாத்தா பாட்டி முழங்கால் எப்படி, குறுகிய மலைச்சாலையில் ஓட்டப் பழக்கம் உண்டா, சமைக்கப் போகிறீர்களா. பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே ஒரு இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதை மட்டும் வெட்டமாட்டோம்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுப் பிரிவு