தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன வாரம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டீர்கள்: "இந்தக் கால் நரம்புக்குப் போய் ஆபரேஷன் பண்ணணுமா, இல்ல இப்படியே ஓட்டிடலாமா?" நரம்பு என்று நாம் சொல்வது காலில் புடைத்துக்கிடக்கும் ரத்தக்குழாயை, டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். கல்லில் தோசை காந்திக்கொண்டிருந்தது, நான் மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பொதுவில் போடலாமா என்றதற்கு, "பேரைப் போடாதே, காலைப் பத்தி என்ன வேணா எழுது" என்றீர்கள். ரங்கூனில் நின்றுகொண்டே பிழைக்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர். பலருக்கு லுங்கிக்குள் இதே கால்தான்.

இத்தனை வருடம் சர்ஜிக்கல் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முழங்காலுக்குக் கீழே புடைத்து நெளியும் அந்த நீல முடிச்சுகள் எனக்குப் பெரிய கவலை இல்லை. அவை மட்டும் இருந்தால் விட்டுத்தள்ளுங்கள் என்றிருப்பேன். வலியோ வீக்கமோ இல்லாமல் அப்படியே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். அழகுக்காகச் செய்துகொள்வது அவரவர் பணம், அவரவர் விருப்பம்.

என் கண் போனது உங்கள் இடது கணுக்காலின் உள்பக்கம். லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினீர்களே, அங்கே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் டிகாஷன் நிறத்தில் கறுத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், சுற்றியுள்ள சதை போல மெத்தென்று இல்லை, இறுகிப்போயிருக்கிறது. நகத்தால் சொறிந்த கோடுகள், அதன் மேல் காய்ந்த தனக்கா (இங்கே மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொள்கிறோமே, அந்தப் பூச்சு). தனக்கா குளிர்ச்சிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் (தோல் கிழிந்த இடத்தில் மட்டும் பூசாதீர்கள்). ஆனால் அந்தக் கறுப்பு அடுப்புச் சூட்டால் வந்ததில்லை, பூச்சால் போகப்போவதும் இல்லை.

நீங்கள் குடியிருப்பது நாலாவது மாடி. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறீர்கள். ஃபுட் வால்வு கெட்டுப்போனால் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்கிவிடும் இல்லையா? காலிலும் அதே கதைதான். காலில் இருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களுக்குள் வழிநெடுகச் சின்னச் சின்ன வால்வுகள். மோட்டார் வேலையைப் பார்ப்பது கெண்டைக்கால் சதை. நடந்தால்தான் அது ஓடும். நீங்களோ நடப்பதில்லை, ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். அம்மாவுக்கும் இதே கால். அதற்கு மேல் மூன்று பிரசவம். வால்வு தளர்ந்துவிட்டது. ரத்தம் கணுக்காலில் தேங்கி, அழுத்தம் கூடி, மெல்லக் கசிந்து தோலுக்கடியில் கறையாகப் படிகிறது. அரிப்பும் அதனால்தான்.

"வலிக்கலையே" என்றீர்கள். வலியை வைத்து இதை அளக்க முடியாது. முடிச்சு பெரிதாக இருப்பவருக்கு வலி இருக்காது; ஒன்றுமே வெளியே தெரியாதவர் ராத்திரி கெண்டை இழுத்து அலறுவார். பார்க்க வேண்டியது தோலை. தோல் கறுத்து இறுகிவிட்டால், அடுத்த படி புண். வார்டில் இந்தப் புண்ணோடு வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆரம்பத்தைச் சொல்லும்போது ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: கொசு கடித்தது, சொறிந்தேன், ஆறவில்லை. மாதக்கணக்கில் கட்டுப் போடுவோம். ஆறும், மறுபடி திறக்கும். வாடைக்குக் கூச்சப்பட்டுக் கோயிலுக்குப் போவதை நிறுத்திய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் பக்கம் இதுதான்: உங்களுக்கு இது அழகு விஷயம் இல்லை, மருத்துவம் பார்த்தாக வேண்டும். என்ன மருத்துவம் என்பதை ஸ்கேன் பார்த்த பிறகு பேசலாம். அதுவரை ஆபரேஷன், லேசர் என்று ஆளாளுக்குச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டாப்ளர் ஸ்கேனில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. எந்தக் குழாயில் எந்த இடத்தில் ரத்தம் திரும்பி வருகிறது, ஆழத்தில் ஓடும் பெரிய குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். உங்களை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து மட்டும் பார்த்தால் திரும்பி வரும் ரத்தம் சரியாகத் தெரியாது.

சாக்ஸ் போட்டால் போதாதா என்றால், இறுக்கமான ஸ்டாக்கிங் வீக்கத்தைக் குறைக்கும், பாரம் தெரியாது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். கெட்டுப்போன வால்வை அது சரிசெய்யாது. பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலே, சிகிச்சை செய்ய முடிகிறவர்களுக்கு ஸ்டாக்கிங்கை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள் என்கிறது. உங்களுக்குச் சுகர் வேறு. பாதத்துக்கு ரத்தம் இறங்குவது சரியாக இருக்கிறதா என்று சோதிக்காமல் கடையில் வாங்கி மாட்டிவிடாதீர்கள், அது ஆபத்து.

அதே வழிகாட்டுதல் முதலில் சொல்வது குழாயை உள்ளேயே சூட்டால் மூடுவது. லேசர் என்கிறார்களே, அதுதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய இழையை உள்ளே விடுவார்கள். முடிந்ததும் எழுந்து நடக்கச் சொல்வார்கள். அது ஒத்துவராவிட்டால் நுரை மருந்து ஊசி, அதுவும் ஆகாவிட்டால் பழைய முறையில் குழாயை உருவி எடுப்பது. எதிலும் கொஞ்ச நாள் ரத்தம் கட்டி நீலமாக இருக்கும், சில இடத்தில் மரத்துப்போகலாம், அபூர்வமாக ரத்தம் உறையலாம். சில வருடம் கழித்து வேறு குழாய் புடைக்கவும் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரை நான் நம்ப மாட்டேன்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2018இல் பிரிட்டனில் புண் வந்த 450 பேரை வைத்து நடந்த ஆய்வில், குழாயைச் சீக்கிரமே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. உங்களுக்குப் புண்ணே இன்னும் வரவில்லை. வந்த பிறகு ஓடுவானேன்?

"குழாயை அடைச்சா காலுக்கு ரத்தம் எப்படிப் போகும்" என்று அத்தான் கேட்டார். ரத்தம் காலுக்கு வருவது வேறு குழாயில். திரும்பிப் போவதிலும் பெரும்பகுதி ஆழத்துக் குழாய்கள் வழியாகத்தான். கெட்டதை மூடினால் அது நல்ல வழியில் போகும், அவ்வளவுதான்.

பாங்காக் போனால்தான் ஆகும் என்றும் சொன்னார். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே அரசு மருத்துவமனைகளில் மருத்துவர்கள் குறைந்துபோனது ஊரறிந்த விஷயம், அவர் பயம் புரிகிறது. இருந்தாலும் ஸ்கேனை இங்கே எடுங்கள், ரத்தக்குழாய் பார்க்கும் சர்ஜன் ஒருவரைக் கேளுங்கள், பிறகு பாங்காக்கைப் பேசலாம். செய்துகொண்ட கையோடு விமானம் ஏறுவது நல்லதில்லை, தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், தண்ணீர்த் திருவிழாவில் கடை மூடும்போது செய்துகொள்ளலாம் என்றீர்கள். ஏப்ரல் வெயிலில், கரண்டும் இல்லாமல், சிகிச்சைக்குப் பிறகு போடச் சொல்லும் அந்த ஸ்டாக்கிங்கை இரண்டு நாள்கூடப் போட மாட்டீர்கள். டிசம்பரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் முடிச்சு ஏதாவது வெடித்து ரத்தம் கொட்டினால் பதறாமல் படுத்து, காலை உயரத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. என்னைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். மாவு ஊற்றிவிட்டுத் திருப்பும் வரைக்கும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், யார் பார்த்தால் என்ன.

ஸ்கேனுக்கு நாள் வாங்கியதும் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி