மூலைத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் வகையிடல் (ஒன்று மாறும் வேகத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு) விதிகளைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை, கணக்குப் பக்கத்தில் அது பெரிய விஷயம். என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்தால், பாதிப் பேர் இரண்டு சார்புகளின் (எக்ஸைப் பொறுத்து மதிப்பு மாறும் கோவைகளின்) பெருக்கலை வகையிடச் சொன்னதற்குத் தனித்தனியாக வகையிட்டு, வந்ததைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. கூட்டலில் தனித்தனியாக வகையிட்டுக் கூட்டலாம், கழித்தலிலும் அப்படியே, பெருக்கலில் மட்டும் ஏன் கூடாது என்று தோன்றத்தான் செய்யும். வகையிடலைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸுக்கே தோன்றியிருக்கிறது! 1675 நவம்பரில் எழுதிய கையெழுத்துக் குறிப்பில் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்து, சரிவராது என்று கண்டு, அந்த மாதத்துக்குள்ளேயே சரியான விதியைப் பிடித்துவிட்டார்.

நான் கரும்பலகையில் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று வரைந்தேன். 1200 சதுர அடி. நீளத்திலும் அகலத்திலும் ஒரு அடி கூட்டினால் 1271. கூடிய 71 எங்கிருந்து வந்தது? 40 அடிப் பக்கத்தை ஒட்டி ஒரு பட்டை, 30 அடிப் பக்கத்தை ஒட்டி இன்னொன்று, மூலையில் ஒரே ஒரு சதுர அடி. ஒரு அடிக்குப் பதில் ஒரு அங்குலம் கூட்டினால் மூலை வெறும் சதுர அங்குலமாகச் சுருங்கிவிடும், பட்டைகளோ மெலிந்தாலும் அதே 40 அடிக்கும் 30 அடிக்கும் நீண்டு கிடக்கும். நீளத்தையும் அகலத்தையும் இரண்டு சார்புகளாக நினைத்தால், அந்த இரண்டு பட்டைதான் பெருக்கல் விதி: முதலாவதை அப்படியே வைத்து இரண்டாவதை வகையிடு, இரண்டாவதை அப்படியே வைத்து முதலாவதை வகையிடு, இரண்டையும் கூட்டு. பிள்ளைகள் எழுதியிருந்தது என்ன தெரியுமா, பட்டைகளை விட்டுவிட்டு அந்த மூலைத் துண்டை மட்டும்.

வகுத்தல் விதிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கீழே இருக்கும் பகுதியை மைனஸ் ஒன்று அடுக்காக மாற்றி, பெருக்கல் விதியோடு சங்கிலி விதியை (ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால் வகையிடும் விதி) சேர்த்தால் தானாக வந்துவிடும்.

சங்கிலி விதிக்கு சைக்கிள் போதும். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 22 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 2 சுற்று. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகும் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர், அதாவது பெருக்குகிறோம். வகையிடலிலும் அப்படித்தான், வெளியே வகையிட்டதை உள்ளே வகையிட்டதால் பெருக்க வேண்டும். 3 எக்ஸ் கூட்டல் 1 என்பதன் வர்க்கத்தை விரித்து வகையிட்டால் 18 எக்ஸ் கூட்டல் 6 வரும். வெளியே மட்டும் வகையிட்டு நிறுத்திய பையனுக்கு 6 எக்ஸ் கூட்டல் 2 வந்தது, உள்ளே இருந்த 3-ஐ மறந்துவிட்டான், பின்சக்கரம் கழன்ற சைக்கிள் மாதிரி. (இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது, அவனும்தான்.)

கட்டத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, தேர்வுக்கு முந்தைய நாள் அதுவும் வேண்டும். பக்கத்தில் அந்த மனைப் படத்துக்கு மட்டும் இரண்டு அங்குலம் இடம் கொடுங்கள். விளம்பரத்துக்குக் கொடுக்கிறீர்களே.

இப்படிக்கு,
பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் வாசகர்,
திருச்சி