மணியோசைக்குப் பதில் சொன்னவர்களுக்கு

அன்புடையீர்,

14 மாதங்களாக எங்கள் வீட்டில் தங்கி உடல் தேறிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, வரும் வாரம் தன் நிரந்தர வீட்டுக்குச் செல்கிறது. அது கிளம்புவதற்கு முன், அதை மீட்டு உயிர் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்ல விரும்பி இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி அடுத்த வீட்டு அம்மையாருக்கு. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் தொலைபேசி மணி ஒலிப்பதை இரண்டு நாள் கேட்ட அவர், மூன்றாம் நாள் அந்த ஒலி மெலிந்து இழுபடுவதைக் கவனித்தார். இயந்திரத்தின் மணி சோர்ந்துபோகாதே என்று ஐயுற்று, உரியவர்களை அழைத்து வந்து கதவைத் திறக்கச் செய்தார். உள்ளே ஒரு சிறிய கூண்டு, வறண்ட நீர்க் கிண்ணம், சூரியகாந்தி விதையின் வெற்றுத் தோல்கள். அவற்றுக்கு நடுவே, யாராவது வரமாட்டார்களா என்று தான் அறிந்த ஒரே ஒலியால் கூப்பிட்டுக்கொண்டிருந்த கிளி. நெஞ்சிலும் தொடையிலும் ஓர் இறகுகூட இல்லை. அலகு எட்டாத தலையில் மட்டும் இறகுகள் குறையாமல் இருந்தன. தன் இறகைத் தானே பிடுங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

பறவை மருத்துவர் அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். 400 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய பறவை அன்று 338 கிராம்தான் இருந்தது. அதன் வாயைத் திறந்து, மேலண்ணப் பிளவின் ஓரத்தில் கூராக நிற்கவேண்டிய சிறு முட்கள் மழுங்கியிருப்பதை எனக்குக் காட்டினார். வைட்டமின் ஏ போதாததன் அடையாளம் அது என்று விளக்கினார். ரத்தத்தில் கால்சியமும் குறைந்திருந்தது. இந்த இனத்துக்கு அக்குறை முற்றினால் வலிப்பே வந்துவிடும். கொழுப்பு மிகுந்த விதையை மட்டும் தின்று வளர்ந்த பறவைக்கு மறுநாளே காய்கறியும் கீரையும் வைத்துவிடலாம் என்று நான் எண்ணியிருந்தேன். பழக்கமில்லாத உணவைக் கிளி உணவென்றே அறியாது, தட்டு நிறைந்திருக்கும்போதே பட்டினி கிடந்துவிடும் என்று அவர் தடுத்தார். விதையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நாள்தோறும் காலையில் எடை பார்த்து, எடை இறங்கினால் உடனே பழைய அளவுக்குத் திரும்பச் சொன்னார். துருவிய கேரட்டை அது முதன்முதலாக உதறி எறியாமல் விழுங்கியது 23ஆம் நாள். அன்று மாலை அவருக்கு அனுப்பிய செய்தியில் இருந்தது அந்த ஒரு வரிதான்; அவர் மகிழ்ந்து எழுதிய பதிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

கிளிக் காய்ச்சலுக்கும், அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸுக்கும் சோதனை செய்து தந்த ஆய்வகத்தாருக்கும், தனிமைப்படுத்தியிருந்த 45 நாள்களும் தங்கள் பறவைகளைப் பார்க்க நான் வரக்கூடாது என்பதை வருத்தமின்றி ஏற்ற நண்பர்களுக்கும் நன்றி.

மருந்து தெளிக்காத மரக்கிளைகளை வெட்டி, கழுவி, காயவைத்துக் கொண்டுவந்த தோட்டக்காரப் பெரியவரை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பழைய கூண்டில் இருந்தது ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சி. ஆண்டுக்கணக்கில் அதன்மேல் நின்றதால் உள்ளங்காலின் அதே இடம் அழுந்திப் புண்ணாகியிருந்தது. முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக விரல்கள் அமைந்த அந்தக் கால், மேடுபள்ளமான கிளையைப் பற்றி நின்ற முதல் நாள், பெரியவர் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பறவைகளின் நடத்தை அறிந்த தன்னார்வலர், இறகைப் பிடுங்கும்போது அதட்டாதீர்கள், ஓடி வந்து கொஞ்சவும் செய்யாதீர்கள் என்றார். இரண்டுமே அந்தப் பழக்கத்துக்குத் தீனி என்பது அவர் கருத்து. அதற்குப் பதில் உணவைக் காகிதத்தில் பொதிந்து வைத்து, கிழித்துத் தேடும் வேலையை அலகுக்குக் கொடுக்கச் சொன்னார். கிளிக்கு நேரெதிரே நின்று உற்றுப் பார்ப்பது வேட்டை விலங்கின் பார்வை என்று அவர் கூறியதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அன்றுமுதல் கூண்டுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தங்கள் பாடங்களை வாய்விட்டுப் படித்தார்கள். அந்தக் குழந்தைகளின் குரலை நம்பிய பிறகே அது என் கையையும் நம்பியது.

நான்காம் மாதத்தில் என் அவசரத்தால் ஒரு தவறு நேர்ந்தது. பழகிவிட்டது என்று எண்ணிக் கூண்டுக்குள் கையை நீட்டினேன்; அது பதறி விழுந்ததில், புதிதாக முளைத்த சிறகிறகு ஒன்று ஒடிந்தது. வளரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நள்ளிரவில் தொலைபேசியை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை எவ்வாறு அழுத்திப் பிடிப்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்த மருத்துவ உதவியாளருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்த இனம் காட்டில் அருகி வருவதால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்ஸின் 2016ஆம் ஆண்டு மாநாடு அதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாட்டை விதித்தது. ஆகவே ஆவணங்கள் ஒழுங்காக இருப்பது இன்றியமையாதது. குஞ்சாக இருக்கும்போதுதான் காலில் நுழைக்க முடிகிற மூடிய வளையத்தின் எண்ணைக் கொண்டு அதன் பிறப்பைத் தேடித் தந்தவருக்கு நன்றி.

நிறைவாக, இதை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தாருக்கு. வேர்ப்பை அழிந்துவிட்டதால் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு இனி இறகு முளைக்காது என்று சொன்னபோது, "அதற்கென்ன, குளிர் படாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்றீர்கள். இன்று காலை அதன் எடை 446 கிராம். தராசையும் உங்களிடமே அனுப்புகிறேன்; தரையில் வைத்தால் தானே ஏறி நிற்கும். உங்களைக் காணாதபோது அது தொலைபேசி மணிபோல ஒலிக்கும். எந்த அறையில் இருந்தாலும் ஒரு சொல் பதில் கொடுங்கள், அடங்கிவிடும். நாங்கள் "இருக்கிறோம்" என்று சொல்வது வழக்கம்.

நன்றியுடன்,
கிளியைப் பராமரித்த குடும்பத்தார்