குஸ்திச் சொற்களை விளையாட்டுப் பக்கத்துக்கும் கொண்டுவாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தல் வந்தாலே உங்கள் நாளிதழில் யாராவது ‘கோதாவில் குதிக்கிறார்’. தோற்ற கட்சி ‘மண்ணைக் கவ்வுகிறது’. அதிகாரிகள் ‘கிடுக்கிப்பிடி’ விசாரணை நடத்துகிறார்கள். மூன்றுமே குஸ்திக் களத்துப் பேச்சு. கோதா என்றால் என்ன என்று என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். தேர்தல் களம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லை அரசியல் செய்தியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

கோதா என்பது மல்யுத்தம் நடக்கும் மண் களம். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, பொலபொலவென்று வைத்திருப்பார்கள். வடக்கே அகாடா என்னும் குஸ்திப் பயிற்சிக் கூடங்களில் அந்த மண்ணோடு மஞ்சள், எண்ணெய், மோர் எல்லாம் சேர்ப்பார்கள். பிடி வழுக்காமல் இருக்க, இறங்குகிறவர் ஒரு கை மண்ணை அள்ளி உடம்பில் பூசிக்கொள்வார். எதிராளியை மல்லாத்தி அவன் முதுகை மண்ணில் படவைத்தால்தான் வெற்றி. குப்புறக் கிடப்பவன் இன்னும் தோற்கவில்லை. அவனைப் புரட்டத்தான் மற்றவன் படாதபாடு படுவான். இதைத் தெரிந்துகொண்டு ‘குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை’ என்ற சொலவடையைக் கேட்டால் அதற்கு வேறொரு உயிர் வருகிறது. முதுகுதான் கணக்கு என்று தெரிந்தவன் பேசும் வீறாப்பு அது என்றே எனக்குப் படுகிறது.

‘இவரு பெரிய வஸ்தாது’ என்று ஒரு காலத்தில் தெருச் சண்டைகளில் சாதாரணமாகச் சொல்வார்கள். குஸ்தி சொல்லிக்கொடுக்கும் குருதான் வஸ்தாது. பயில்வானாவது இன்னும் பேச்சில் இருக்கிறார், வஸ்தாது போயே போய்விட்டார்.

வஸ்தாதுவும் பயில்வானும் உருது வழியாக வந்தவர்கள், அதனால் இது நம்முடைய விளையாட்டு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டமே மாமல்லன், அதாவது பெரிய மல்லன். அதற்கும் வெகு காலம் முன்பு, புறநானூற்றின் 80-ஆவது பாட்டில், ஆமூர் மல்லனைச் சோழன் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்துவதைப் புலவர் சாத்தந்தையார் காட்டுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. இன்னொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது. இதைப் பார்க்க இவன் தந்தை தித்தன் இங்கே இல்லையே என்று புலவர் ஏங்குகிறார். எந்தக் கால் எங்கே இருந்தது என்பதுவரை சொல்கிற இதைவிட நல்ல நேர்முக வர்ணனையை நான் படித்ததில்லை.

சரி, உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியைக் கடைசி நொடிகளில் வினேஷ் போகட் வீழ்த்தினார். அமன் ஷெராவத் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். செய்திகளில் புள்ளிக்கணக்கு இருந்தது. என்ன பிடி போட்டார், எப்படிப் புரட்டினார், எதிராளி எப்படித் திமிறினார் என்று ஒரு வரியும் இல்லை. அரசியல் நிருபர் தாராளமாகச் செலவழிக்கும் சொற்கள், அவை பிறந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கபடியிலும் இதே கதைதான். 2014-இல் புரோ கபடி தொடங்கியதிலிருந்து வீரர்கள் தொடை தட்டுவதைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள், பள்ளி மைதானத்தில் தாங்களும் தட்டுகிறார்கள். ‘தொடை தட்டி அழைத்தான்’ என்றால் சண்டைக்குச் சவால் விட்டான் என்று பொருள் என அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்துப் பழகிய சைகைக்கு ஒரு சொல் கிடைத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மல்யுத்தச் செய்தி வரும்போது, ஒரு பழைய பயில்வானை அலுவலகத்துக்கு அழைத்து, படங்களைக் காட்டி, ஒவ்வொரு பிடிக்கும் என்ன பெயர் என்று கேட்டு வெளியிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்