எட்டுத் தாள்களுக்கும் பதினாறு துணிக் கிளிப்புகளுக்கும் நன்றி

அன்பான சபையாருக்கும், ஊராருக்கும், எங்களுக்காக ஜெபித்த ஒவ்வொருவருக்கும்,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கிங்ஸ்டனில் நற்செய்திப் பாடல் போட்டியின் இறுதிச்சுற்றில் எங்கள் பாட்டு முடிந்தது, தொண்டை பாதித்திருந்த எங்கள் முதன்மைப் பாடகரின் குரல் தாங்கியது. அதற்கு முந்தைய அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்களோடு முழங்காலில் நின்றவர்கள் நீங்கள்தான். மருத்துவர் சொன்னதும் தெரியும், பாடப்போவது யார் என்று கடைசிவரை முடிவாகாமல் இருந்ததும் தெரியும். கிங்ஸ்டனிலிருந்து வந்த களைப்பு தீருமுன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒருவருக்குச் சொல்ல வேண்டிய நன்றி நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல வருடங்கள் சபையில் ஆர்கன் வாசித்து ஓய்ந்த மூத்த சிஸ்டர் என்றாலே எங்கள் செயின்ட் எலிசபெத் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஸ்கேலை, அதாவது பாட்டின் சுருதியைக் குறைத்தால் பாடலாம் என்று மருத்துவர் அனுமதித்த அன்று மாலை, யாரும் கேட்காமலேயே அவர் பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலையில், புது ஸ்கேலில் இசைக்குழுவுக்கு எழுதிய எட்டுத் தாள்கள் வந்தன.

ஸ்கேலைக் குறைப்பது ஒரு பொத்தான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் உண்டு, உண்மைதான். அது கீபோர்டை மட்டும்தான் இறக்கும். ஜமைக்கா பண்பாட்டு வளர்ச்சி ஆணையம் நடத்தும் இந்த நற்செய்திப் பாடல் போட்டியில் புதிதாக இயற்றிய பாட்டைத்தான் பாட வேண்டும். எங்கள் மேடையில் எல்லாருக்கும் வாசித்தது ஒரே இசைக்குழு. ஒரு பாட்டுக்கு அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு எடுக்க மறந்தால், அடுத்து வருகிறவரின் பாட்டில் கீபோர்டு மட்டும் தனி ஸ்கேலில் முழங்கும். அதனால் "பொத்தானைத் தொடாதே, புது ஸ்கேலிலேயே வாசி" என்று கீபோர்டு தாளின் தலையிலேயே சிஸ்டர் எழுதியிருந்தார்.

எங்கள் பாட்டு ஈ ஃபிளாட்டில், அதாவது இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருந்தது. பல்லவியின் உச்சம் தைவதம் (த). தொண்டை பாதித்த பிறகு அந்தச் சுரம் எட்டவில்லை. ஒன்றரைக் கட்டை இறக்கி ஒரு கட்டைக்கு, சி மேஜருக்குக் கொண்டுவந்தால் உச்சம் நடு ஏ சுரத்தோடு நின்றுவிடும், குரலுக்கு ஆபத்தில்லை. ஆனால் மேலே லேசாகும்போது கீழே கனக்கும். சரணத்தின் இரண்டாம் வரி கீழ்ஸ்தாயிப் பஞ்சமத்தில் (ப) முடிகிறது. ஒரு கட்டையில் அது இன்னும் ஆழத்துக்குப் போய், மைக்கில் சுரம் விழாமல் மூச்சுதான் விழும். சிஸ்டர் அந்த ஒரு வரியின் முடிவை ஷட்ஜத்துக்கு (ச) தூக்கிவைத்தார். வார்த்தை மாறவில்லை, அர்த்தம் மாறவில்லை, கேட்பவருக்கு மாற்றமே தெரியாது.

காற்றிசைக் கருவிகளுக்கு எழுதியதில்தான் அவருடைய அனுபவம் முழுக்கத் தெரிகிறது. டிராம்போனுக்கு ஒலிக்கிற சுரத்தையே எழுதலாம். டிரம்பெட்டும் ஆல்டோ சாக்ஸபோனும் எழுதியதைவிடக் கீழே ஒலிக்கும். டிரம்பெட்டுக்கு ஒரு முழுச்சுரம் மேலே எழுத வேண்டும், ஆகவே சி ஸ்கேல் பாட்டு அவர் தாளில் டி ஆகிறது. ஆல்டோ சாக்ஸபோனுக்கு அதே பாட்டு ஏ மேஜர். பழைய ஸ்கேலில் சாக்ஸபோன் தாள் ஒரு ஷார்ப்கூட (அரைச்சுரம் ஏற்றும் குறி) இல்லாத சி மேஜராக இருந்தது. இப்போது எஃப், சி, ஜி என்று மூன்று ஷார்ப். முதல் முறை பார்த்து வாசிக்கிறவர் ஜி ஷார்ப்பைத் தவறவிட்டு வெறும் ஜி வாசித்தால், வெளியே பி சுரத்துக்குப் பதில் பி ஃபிளாட் கேட்கும். கீபோர்டு ஜி மேஜர் பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் மைனர் சுரம் வந்து மோதும். பல்லவிக்குள் நுழைகிற இடத்திலேயே பாட்டு உடைந்துபோகும். சிஸ்டர் சாக்ஸபோன் தாளில் ஒவ்வொரு ஜி ஷார்ப்பையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். எண்ணிப் பார்த்தோம், 14 வட்டங்கள்.

பேஸ் கிட்டாருக்கும் ஒரு குறிப்பு. ஈ ஃபிளாட்டில் ஆதார சுரம் ஏ கம்பியின் ஆறாம் கட்டத்தில் விழும், சியில் மூன்றாம் கட்டத்துக்கு இறங்கும். ஏறத்தாழ 78 ஹெர்ட்ஸில் இருந்த ஒலி 65 ஹெர்ட்ஸுக்கு வந்து கனமாகிவிடும். பெரிய ஸ்பீக்கரில் அது மெலிந்த குரலை மூடிவிடும். "வரி முடியும் இடத்தில் மட்டும் கீழே போ, வரிக்குள் மேலேயே இரு" என்று எழுதியிருந்தார். தாளம் ஒன் டிராப் என்னும் ரெகே அடி. நான்கு எண்ணிக்கையில் முதல் அடியில் டிரம்ஸ் பேசாது, மூன்றாம் அடியில்தான் கிக், ஸ்நேர் என்ற இரண்டு டிரம்மும் சேர்ந்து விழும். அந்த வெற்று முதல் அடியில்தான் பாடுகிறவர் மூச்சு வாங்க முடியும். டிரம்ஸ் தாளில் அந்த இடங்களில் எல்லாம் மூச்சுக்குறியாகச் சின்னக் கமா.

கடைசிப் பல்லவியில் ஸ்கேலை ஒரு முழுச்சுரம் ஏற்றுவது இங்கே வழக்கம், எங்கள் பாட்டிலும் இருந்தது. ஒரு கட்டைக்கு இறக்கிய பிறகும் அந்த ஏற்றத்தை வைத்தால் உச்சம் பி சுரத்துக்குப் போய்விடும், இறக்கிய பலன் பாதிக்கு மேல் வீணாகும். ஏற்றத்தை எடுத்துவிட்டால் பாட்டு முடியும் இடம் சப்பென்று ஆகிவிடும். இதற்கு சிஸ்டர் கொடுத்த விடையைத்தான் எங்களால் மறக்கவே முடியாது. டிராக்கிங்.

ஜமைக்காவில் பழைய ஞானப்பாட்டுகளைச் சாங்கி என்போம். பாட்டுப் புத்தகம் கையில் இல்லாதவர்களும் வாசிக்கத் தெரியாதவர்களும் கூடிய சபையில், ஒருவர் அடுத்த வரியைப் பேச்சாகச் சொல்லுவார், சபை அதைப் பாட்டாக எடுக்கும். இறந்தவருக்காக ஒன்பதாம் இரவு கூடும் வீடுகளில் இன்றும் கேட்கலாம். அதுதான் டிராக்கிங். அதைக் கடைசிப் பல்லவிக்குள் வைத்தார். முதன்மைக் குரல் பாடத் தேவையில்லை, வரியைச் சொன்னால் போதும். துணைக்குரல்கள் மூன்றும் உயரத்தில் பாடும். ஸ்கேல் ஏறாமலேயே இடம் நிமிர்ந்து நின்றது. உடைந்த குரலை மறைக்க எத்தனையோ வழி தேடினோம். அந்தக் குரல் பேசினாலே பாட்டாகும் ஓர் இடம் நம் சபைகளிலேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது.

இதைச் செய்ய நினைக்கும் மற்றக் குழுக்களுக்காக அவர் சொன்ன கணக்கையும் எழுதிவைக்கிறோம். வரியைச் சொல்லக் கிடைப்பது முந்தைய வரியின் கடைசி இரண்டு அடி மட்டும். நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் அது ஒன்றே முக்கால் வினாடிக்கும் குறைவு. ஆறேழு அசைக்கு மேல் சொன்னால் துணைக்குரல்கள் தாமதமாகும். ஆகவே முழு வரியையும் சொல்லாமல் முதல் மூன்று நான்கு வார்த்தையோடு நிறுத்த வேண்டும். அந்த இரண்டு அடியில் டிரம்ஸ் ஃபில் (இடைவெளியை நிரப்பும் அடிகள்) போட்டால் பேச்சு காதில் விழாது. நல்ல டிரம்மருக்குக் கை தானாகவே அங்கே போகும், அதனால் "இங்கே ஃபில் வேண்டாம்" என்று அந்த இடங்களில் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். மூன்று வரிக்கு டிராக்கிங், நான்காவது வரிக்குக் கிடையாது. அங்கே எல்லாரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். நான்கிலும் வைத்தால் முடிவு எங்கே என்று யாருக்கும் புரியாது.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரும்பிப் போ, அடையாளத்துக்குத் தாவு என்பது மாதிரியான குறி ஒன்றுகூட இல்லை. ஒத்திகை நேரம் குறைவாக இருக்கும்போது யாராவது ஒருவர் தவறான இடத்துக்குத் தாவிவிடுவார் என்று முழுப் பாட்டையும் நேராக எழுதிவிட்டார். வரிக்கு நான்கு பார் (தாளச் சுற்று), ஒவ்வொரு வரியின் கீழும் பாட்டின் முதல் இரண்டு சொல். வழி தவறினாலும் பாடுகிறவரைக் கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நேராக எழுதியதால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பல்லவி நடுவில் பக்கம் திருப்பக் கை ஏது? இரண்டு பக்கங்களைப் பக்கவாட்டில் ஒட்டி, பின்னால் கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டையை வைத்து, மடித்து விரிக்கும்படி செய்திருந்தார்.

பிறகு அந்தக் கிளிப்புகள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் மரத்தாலான துணிக் கிளிப் 16, தாளுக்கு இரண்டு வீதம். ஹோப் சாலையிலுள்ள ரானி வில்லியம்ஸ் அரங்கு திறந்தவெளி. இரவில் காற்று எழும்பும்போது தாளின் அடிப்பக்கத்தை ஸ்டாண்டின் விளிம்பு பிடித்துக்கொள்ளும், மேல் மூலைதான் தூக்கும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப் அழுத்தினால் முறியும், ஆகவே மரம். இடது கிளிப் முதல் பாரை மறைக்காமல் அரை அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும் என்று தாளிலேயே கோடு போட்டிருந்தார். எங்கள் பாட்டின் இரண்டாம் சரணத்தில் காற்று வந்தது. ஒரு தாள்கூட அசையவில்லை.

எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்காது. குரலையும் ஸ்கேலையும் பற்றியே எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில், காற்றைப் பற்றிக் கவலைப்பட அவர் ஒருவர் இருந்தார்.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறோம், குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசாமல் இரு என்றால் கிசுகிசுக்கவும் கூடாது என்று காவல் இருந்த அக்காமார்களுக்கும், வலியை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும் நன்றி. வலி தெரியாமல் பாடினால் காயம் பெரிதாகும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றது சரி. சாண்டா குரூஸிலிருந்து கோஸ்டர் பேருந்தில் ஏற்றி, ஸ்பர் ட்ரீ மலையில் ஆடாமல் அலுங்காமல் ஏறி, மாண்டெவில் வழியாகக் கிங்ஸ்டனில் இறக்கிய ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி. ஜன்னல் காற்றும் தூசியும் தொண்டைக்கு ஆகாது என்று வழியெல்லாம் முன் ஜன்னலை மூடியே வைத்தார். ஒலிக் கலவை மேசையில் இருந்த தம்பிக்கும் நன்றி. மெலிந்த குரலுக்கு மைக்கைக் கூட்டினால் ஊளையிடும் என்பதால், கூட்டாமல், மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர்களான மானிட்டர்களில் கிட்டாரையும் கீபோர்டையும் குறைத்தார். பாடுகிறவரின் மானிட்டரை மைக்கின் முதுகுக்கு நேராக நகர்த்தி வைத்தார். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்காதே என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை கடைசிவரை காப்பாற்றியது. துணைக்குரல் மூவருக்கும், உபவாசம் இருந்த சபைகளுக்கும், உடை தைத்துக்கொடுத்தவர்களுக்கும், அரங்கின் பின்வரிசையில் நின்று டிராக்கிங் தொடங்கியதும் தாமாகவே வரியை எடுத்துப் பாடிய முகம் தெரியாத ஜனங்களுக்கும் நன்றி.

ஒரு பொருத்தனையும் செய்திருக்கிறோம். இந்த வட்டாரத்திலிருந்து இனி இறுதிச்சுற்றுக்குப் போகிற யாராக இருந்தாலும், எந்தச் சபையாக இருந்தாலும், அவர்கள் பாட்டுக்கு இரண்டு ஸ்கேலில் தாள் எழுதிக் கொடுப்போம். ஒன்று அவர்களுடைய ஸ்கேல், மற்றது ஒன்றரைக் கட்டை குறைவு. தொண்டை நன்றாக இருக்கும்போதே இரண்டையும் இசைக்குழுவிடம் கொடுத்து, குறைந்த ஸ்கேலிலும் ஒருமுறை முழுதாகப் பாடிப் பார்த்துவிட வேண்டும். சுகவீனம் வந்த பிறகு எழுதத் தொடங்கினால் ஓர் இரவுதான் கிடைக்கும், எல்லாருக்கும் இப்படி ஒரு சிஸ்டர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. பிஸ்கட் டப்பா சபையின் பாட்டுப் புத்தக அலமாரியில், மேல்தட்டின் வலது ஓரத்தில் இருக்கும். பூட்டு கிடையாது.

சிஸ்டர், தாள்களைத் திருப்பிக் கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு தாள்களைக் கொண்டுவருகிறோம். சாக்ஸபோன் வாசித்தவர் தன் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உங்களைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இறுதிச்சுற்றில் பாடிய குழுவினர்,
செயின்ட் எலிசபெத்