கையெழுத்து இருக்கிறது, வேலை நடந்ததா?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும், இயங்கும் நிலையங்களின் பாதுகாப்பை ஆராயும் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் அணு விஞ்ஞானி இல்லை. அனல்மின் நிலையம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது குடியிருப்பது கூடங்குளம் உலைகளைச் சுற்றி அவசரகாலத் திட்டத்துக்காக வரைந்திருக்கும் 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள். மொட்டை மாடியில் நின்றால் குவிமாடங்கள் தெரியும். உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. அதை எங்கள் பக்கத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து பேசிவிட்டார்கள். உலை ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில், ஓடுகிற உலையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்.

அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய பம்ப் ஒன்று உண்டு. அதன் பேரிங்குக்குப் போகும் எண்ணெயின் அழுத்தத்தை மணிக்கொரு தடவை நேரில் போய்ப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். மழைக்காலம். அந்தத் தளத்தில் விளக்கு எரியவில்லை. முந்தைய ஷிப்ட் 1.8 கிலோ (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) என்று எழுதியிருந்தார்கள். நானும் மேசையில் உட்கார்ந்தபடியே 1.8 என்று எழுதினேன். மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். அப்போதும் 1.8-தான். மனம் நிம்மதியானது. பதினொரு நாள் கழித்து வேறு வேலையாக வந்த மெக்கானிக் ஒருவர் அழுத்தம் காட்டும் கேஜுக்கு அடியில் இருந்த சின்ன வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது மூடியல்லவா இருக்கிறது?” என்றார். பராமரிப்பு முடித்தவர்கள் திறக்க மறந்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தைத்தான் முள் பதினொரு நாளாகக் காட்டிக்கொண்டிருந்தது. லாக் புத்தகத்தைப் புரட்டினால் மூன்று ஷிப்ட், ஏழெட்டுக் கையெழுத்து, ஒரே எண்.

பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் விசாரணை சீக்கிரம் முடிந்தது. திருத்த நடவடிக்கை என்று புதிதாக ஒரு படிவம் வந்தது: ‘கேஜ் வால்வு திறந்திருக்கிறதா? ஆம் / இல்லை.’ இரண்டு மாதம் கழித்து அந்தப் படிவத்தையும் மேசையில் உட்கார்ந்தபடியே நிரப்பத் தொடங்கினோம்.

நான் கேட்க வந்தது இந்த இரண்டாவது படிவத்தைப் பற்றித்தான். தவறு நடப்பது எங்கேயும் உண்டு. நடந்த தவறுக்குப் பிறகு எழுதப்படும் திருத்தம், வால்வைத் திருப்புகிற கை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதை யார் பார்க்கிறார்கள்?

மூடிக் கிடந்த வால்வு என்றால் உங்களுக்கு உடனே அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நினைவுக்கு வரும். 1979 மார்ச் 28 அன்று அங்கே அவசர ஊட்டுநீர் பம்புகள் ஒழுங்காகத்தான் கிளம்பின, தண்ணீர் போகவில்லை. இரண்டு நாளுக்கு முன் நடந்த சோதனைக்குப் பிறகு வழியிலிருந்த இரண்டு வால்வுகள் மூடியே கிடந்தன. அதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றை ஒரு மஞ்சள் பராமரிப்பு அட்டை மறைத்துக்கொண்டிருந்தது. எட்டு நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். என்னை அதிகம் உறுத்துவது இந்த அட்டைகூட இல்லை. 1977 செப்டம்பரில் அமெரிக்காவிலேயே டேவிஸ்-பெஸ் நிலையத்தில், திரீ மைல் ஐலண்டில் பின்னால் உலையைக் கெடுத்த அதே கதை ஏறக்குறைய நடந்திருந்தது: திறந்த அழுத்தத் தணிப்பு வால்வு மூட மறுத்தது, ஆபரேட்டர்கள் நிலைமையைத் தவறாகக் கணித்து அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலை மிகக் குறைந்த திறனில் ஓடியதால் தப்பியது. உலையைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், முழுத் திறனில் இது நடந்தால் எரிபொருள் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், ஆபரேட்டர்களுக்குப் புதிய அறிவுரை அனுப்புங்கள் என்று விபத்துக்குப் பதின்மூன்று மாதம் முன்பே குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு நிறுவனத்துக்குள்ளேயே மேசை மேசையாகச் சுற்றியது. ஆபரேட்டர் கைக்கு வரவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்றால், நம் நரோரா அணுமின் நிலையத்தில் நடந்த தீவிபத்தின் வேர் ஒன்று அங்கேயும் இருக்கிறது. 1975 மார்ச் 22 அன்று அலபாமா மாநிலத்தின் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், சுவர் வழியே கேபிள் போகும் துளையில் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். (அணு உலையில் மெழுகுவத்தி! எங்கள் அனல் நிலையத்தில் பீடிக்கே மெமோ கொடுப்பார்கள்.) அடைப்புக்கு வைத்த நுரைப்பஞ்சு பற்றி, ஆயிரத்து அறுநூறு கேபிள் வரை கருகின. இரண்டு நாள் முன்பும் இதே சோதனையில் சின்னத் தீ பிடித்து அணைந்திருந்தது. பதிவாகியிருந்தது, பேசவும் செய்தார்கள், மெழுகுவத்தியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. முதன்மைக் கேபிளையும் மாற்றுக் கேபிளையும் ஒரே வழியில் போடாதே என்ற பாடம் அந்தத் தீயோடு உலகம் முழுவதும் பரவியது.

பதினெட்டு வருடம் கழித்து, 1993 மார்ச் 31 அதிகாலை மூன்றரை மணிக்கு, உத்தரப் பிரதேசத்தின் நரோரா முதல் உலையில் டர்பைனின் இரண்டு பிளேடுகள் முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றியது. தீ கேபிள் வழியே ஓடியது. வழக்கமான மின்சாரத்துக்கும் மாற்று மின்சாரத்துக்குமான கேபிள்கள் இடையில் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே வழியில் போயிருந்தன. எல்லாம் சேர்ந்து போயிற்று. பதினேழு மணி நேரம் நிலையம் மின்சாரமின்றிக் கிடந்தது. புகை தாங்காமல் கட்டுப்பாட்டு அறையையே விட்டு வெளியேற வேண்டியிருந்தது. உலையை உடனே நிறுத்தியவர்களும், டார்ச் விளக்கோடு மேலே ஏறிக் கையால் வால்வைத் திறந்து, அணுப்பிளவை அடக்கும் போரான் கரைசலை இறக்கியவர்களும், டீசல் தீயணைப்புப் பம்பைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும் சாதாரண ஷிப்ட் ஆட்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. அவர்கள் பெயரை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் போட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய துணிச்சல். பதினெட்டு வருடமாக உலகம் அறிந்திருந்த பாடம் கூடவே இருந்திருந்தால், அவ்வளவு துணிச்சலுக்குத் தேவையே வந்திருக்காது.

கல்பாக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை கடல் பம்ப் அறைக்குள் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை ஒழுங்காக நிறுத்தினார்கள்; நன்றாகச் செய்த வேலையை நன்றாகச் செய்தார்கள் என்றே சொல்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2003 ஜனவரியில், அங்குள்ள, பயன்படுத்திய எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையில் ஒரு வால்வு கெட்டு, வீரியம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் வீரியமான கழிவு வந்துவிட்டது. அந்த இடத்தில் கதிர்வீச்சு மானி இல்லை. மாதிரி எடுக்கப் போனவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆறு பேர் அனுமதித்த அளவுக்குப் பல மடங்கு கதிர்வீச்சு வாங்கினார்கள். மாதக்கணக்கில் கழித்துத்தான் நிர்வாகம் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது. அந்த ஆலை 2000-ஆம் ஆண்டிலேயே உங்கள் மேற்பார்வையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்பது தெரியும். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று ஆறு பேரின் உடம்புக்குத் தெரியாது.

இனி எங்கள் ஊர். 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தின் கணினிகளில் நச்சுநிரல் எதுவும் இல்லை, புகுவதற்கு வழியே இல்லை என்ற பொருளில் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம், ஆமாம், நிர்வாக வலைப்பின்னலோடு இணைந்த ஒரு கணினியில் இருந்தது, செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்தது என்று அறிக்கை விட்டது. உலையை இயக்கும் அமைப்பு தனி, அது பாதிக்கப்படவில்லை என்றார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் முதல் நாள் மறுப்பை எழுதியவரிடம் அந்தச் செய்தி ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு. ஒருவேளை சேர்ந்துதான் எழுதினாரோ என்பதை யோசிக்க விருப்பமில்லை.

தென் கொரியாவின் கோரி முதல் உலையில் 2012 பிப்ரவரியில் 12 நிமிடம் மின்சாரம் முழுவதும் நின்று, அவசர டீசல் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. அதை ஒரு மாதம் மூடி வைத்தார்கள். உணவகத்தில் பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்கிய மாநகர சபை உறுப்பினர் ஒருவர் துருவியதால் வெளியே வந்தது. எங்கள் ஊரிலும் உலைச் செய்தி டீக்கடை வழியாகத்தான் வருகிறது.

உங்கள் ஆண்டறிக்கைகளைப் படிக்கிறவன் நான். எத்தனை நிகழ்வு, தீவிரத்தைக் காட்டும் சர்வதேச அளவுகோலில் எந்த மட்டம் என்றெல்லாம் போடுகிறீர்கள். எனக்கு மட்டம் வேண்டாம். ஒரு நிகழ்வுக்குப் பிறகு செயல்முறைக் கையேட்டில் எந்த வரி மாறியது, பழைய வரி என்ன, புதிய வரி என்ன, எல்லா ஷிப்டுக்கும் எந்தத் தேதிக்குள் பயிற்சி கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து அதை யார் நேரில் பார்த்தார்கள்: இவ்வளவையும் நிகழ்வுக்கு ஒரு பக்கமாக வெளியிடுங்கள். காவல் ஏற்பாடு சம்பந்தப்பட்டதை மறைத்துக்கொள்ளுங்கள், புரிந்துகொள்வோம். கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் அந்தப் பக்கம் தமிழில் இருக்கட்டும்.

உங்கள் ஆய்வாளர்கள் வரும்போது நிரப்பிய படிவங்களைக் குறைவாகப் பாருங்கள். எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு இளம் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, “இந்தச் சோதனையை இப்போது எனக்கு நடந்து காட்டு” என்று சொல்லி, வாய் திறக்காமல் பின்னாலேயே போங்கள். ஏணி இல்லாமல் எட்டாத வால்வு, பெயர்ப்பலகை உதிர்ந்த வால்வு, கையேட்டில் ஒரு எண்ணும் குழாயில் வேறு எண்ணுமாக இருக்கும் வால்வு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒப்பந்தத் தொழிலாளியை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் குறையை முதலில் பார்க்கிறவர் அவர்தான். சொன்னால் அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கப்படாது என்ற பயம் அவருக்கு. அவர் பெயர் வெளியே வராமல் நேரே உங்களிடம் வந்து சேர ஒரு வழி வையுங்கள். அந்த வழியை நுழைவாயிலில் தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள்.

பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். தமிழில் வந்தால் அப்படியே டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவேன். ஆங்கிலத்தில் வந்தால் நானே பெயர்த்து ஒட்டுவேன்; பிறகு மொழிபெயர்ப்பு தவறு என்று மறுநாள் மறுப்பு விடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவன்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.